நின்று கடித்த மெழுகு

தரணிதரன் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டோடு சேர்ந்த பல் பட்டறைக்குள் வந்த நேரத்தில் மோகனப்பிரியா வெந்நீர்த் தட்டில் மெழுகுத் தகட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆளைப் பார்த்து ஐந்து வருடம் இருக்கும். காதோரம் நரைத்திருந்தான், கழுத்தில் சதை விழுந்திருந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் ஓடிய பேருந்துகளில் பாதி அந்தச் சிரிப்பை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் ஓடின.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. விசாரணைக் குழுவின் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதவர்களின் முகத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆளாக இருந்திருந்தால் அவன் இந்த உயரத்துக்கே வந்திருக்க மாட்டான்.

"நீங்கதான் டாக்டருங்களா?" என்று கேட்டான்.

"டாக்டர் இல்லீங்க. டெக்னீசியன். பல் செட்டுக்கு அச்சு ஊத்தறவ," என்றாள் மோகனப்பிரியா. "உக்காருங்க."

அவளுக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். உச்சி வெயிலில் நடந்து வந்தவன் கையில் மோர் டம்ளரைக் கொடுத்தால் வருமே, அந்த மாதிரிச் சந்தோஷம். பாவ புண்ணியம் பார்க்கிற யோசனையெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

சிறுமியின் பெயர் சாரல். பத்து வயது. இடது தோள் இறங்கியிருந்ததால் சீருடைச் சட்டை ஒரு பக்கமாக வழிந்துகொண்டே இருந்தது, அவளும் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். மோகனப்பிரியாவின் மகள் நன்முகை அவளை உள்ளே அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டாள். நன்முகைக்குப் பதினெட்டு வயது. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவளுக்கு வராது, உடம்பு மொத்தமும்தான் திரும்பும். பதிமூன்று வயதில் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் வைத்த கம்பி அவளை அப்படி ஆக்கியிருந்தது.

"முப்பத்தி மூணு டிகிரிம்மா," என்றாள் நன்முகை, திரையில் வளைந்து கிடந்த தண்டை அளந்துவிட்டு.

"முதுகு வளைஞ்சதுக்கு எதுக்கு ஆன்ட்டி வாயப் பாக்கறீங்க?" என்று கேட்டாள் சாரல். அப்பனைப் போலில்லாமல் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிற பிள்ளை.

மோகனப்பிரியா அவள் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிலை யார் காதில் போட வேண்டுமோ அவன் பக்கத்திலேயே நின்றான்.

"தலையில கூடை வெச்சுட்டுப் போறவங்கள மார்க்கெட்ல பாத்திருக்கியா அம்மணி?"

"ம்ம்."

"கூடை ஒரு பக்கம் சாஞ்சா என்ன பண்ணுவாங்க?"

சாரல் எழுந்து இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக் காட்டினாள்.

"அவ்வளவுதான் விஷயம். உன்ற கீழ்த்தாடை தலையில தொங்கற ஒரு கூடை. அது அரை மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தாப் போதும், தலை சாயும். கண்ணு ரெண்டும் சமமா இருக்கோணும்னு கழுத்து தலைய இழுத்து நிமித்தும். கழுத்துக்காகத் தோள் இறங்கும், தோளுக்காக இடுப்பு ஏறும். பெரியவங்களுக்குன்னா கழுத்து வலியோட போயிரும். உனக்கு எலும்பு வளர்ற வயசு. சாஞ்சபடியே வளர்ந்துரும்."

"அப்ப தாடைய நேரா வெச்சா?"

"முதுகும் பின்னாடியே வந்துரும். கொஞ்சம் கொஞ்சமா. இங்க வந்த நூத்தி ஆறு பேருக்கு வந்திருக்குது." மோகனப்பிரியா அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ வளர்தகடு போட்டிருந்தியா கண்ணு?"

"ரெண்டு வருசம் போட்டிருந்தேன். டிவில எல்லாம் வந்தேன் ஆன்ட்டி!"

தரணிதரன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

வளர்தகடு அவன் கண்டுபிடித்தது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு, உள்ளே கடுகளவு மோட்டார்கள். குழந்தையின் தாடை எங்கே வளர வேண்டும் என்று அது தினமும் தள்ளித் தள்ளிச் சொல்லிக்கொடுக்கும். கம்பி கட்ட வேண்டாம், பல் பிடுங்க வேண்டாம், மூன்றே வருடத்தில் சினிமாக்காரர் முகவெட்டு. பத்து வருடத்துக்கு முன்னால் ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. காது குத்துகிற மாதிரி, எட்டு வயதானால் தகடு என்று ஆகிப்போனது. பள்ளிக்கூடங்களிலேயே முகாம் போட்டு அளவு எடுத்தார்கள். நன்முகைக்கும் அப்படித்தான் போட்டார்கள். முகாமுக்கு வரச்சொல்லிச் சீட்டு வந்தபோது மோகனப்பிரியா தானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தக் கையெழுத்தை அவள் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை.

பதினொரு வயதில் நன்முகையின் தோள் இறங்கியபோது மோகனப்பிரியா தரணிதரனின் அலுவலகத்துக்கே போய் நின்றாள். இரண்டு நிமிடம் கொடுத்தான். "வளர்ற வயசும்மா, தானா நிமிரும். பாக்கலாம்," என்றான். ஆறு மாதம் கழித்துப் போனபோதும் அதே பாக்கலாம். மூன்றாவது தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பி வைக்கிற ஆபரேஷன் பதினொரு மணி நேரம் நடந்தது.

என்ன நடந்தது என்பதை அவள் தன் தொழிலை வைத்துத்தான் பிடித்தாள். நிற்க வைத்து மெழுகைக் கடிக்கச் சொன்னால், நன்முகையின் பல் பதிந்த அச்சும் தகட்டில் இருந்த அச்சும் ஒத்துப்போகவே இல்லை. ஒரு நாள் அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் மெழுகை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. அப்புறம்தான் பழைய முகாம் படங்களைத் தேடி எடுத்தாள். ஒரு நாளைக்கு நானூறு பிள்ளைகள் என்று கணக்கு. அளவெடுக்கும் கருவியை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, வகுப்பு பெஞ்சு இரண்டை ஒட்டிப்போட்டு, வரிசையாகப் படுக்க வைத்து எடுத்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்தால் யாருக்கும் கீழ்த்தாடை பின்னால் சரியும், பெஞ்சு கோணலாக இருந்தால் பக்கவாட்டிலும் போகும். பல் வேலை பார்க்கிற கற்றுக்குட்டிக்குக்கூட இது தெரியும். சரிந்த அந்த இடத்தைத்தான் தகடு சரியான இடம் என்று நம்பிக்கொண்டு, நிற்கும்போதும் நடக்கும்போதும் தாடையை அங்கேயே பிடித்து நிறுத்தியது.

ஆயிரத்து நூற்று நாற்பது பெற்றோர்கள் விசாரணைக் குழுவிடம் போனார்கள். தரணிதரன் வக்கீலோடு வரவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். "தாடைக்கும் முதுகுத்தண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க. என்ற சொந்தப் பொண்ணுக்கே இதைப் போட்டிருக்கேன். விஷம்னு தெரிஞ்சா யாராச்சும் பெத்த பிள்ளைக்கு ஊட்டுவாங்களா?" என்றான். குழந்தை வாயைத் திறந்து தகட்டைக் காட்டியது. குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது.

அந்தக் குழந்தைதான் இப்போது முக்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது.

"நன்முகை, பாப்பாவுக்கு மீன் தொட்டியக் காட்டு," என்றாள் மோகனப்பிரியா. இரண்டு பேரும் போனதும் கதவைச் சாத்தினாள். "நேராவே பேசிரலாமுங்க. சரியான அளவுல புதுத் தகடு போட்டு உங்க பொண்ண என்னால நிமித்த முடியும். நாப்பது டிகிரி தாண்டறதுக்குள்ள ஆரம்பிக்கோணும். தாண்டிருச்சுன்னா தாடை சொல்றத முதுகு கேக்காது. அப்புறம் கம்பிதான்."

"எவ்வளவு நாள் இருக்குதுங்க?"

"இந்த வேகத்துல நாலு மாசம். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "விசாரணைக் குழு முன்னாடி போய், முகாம்ல படுக்க வெச்சு அளவு எடுத்தோம், அது தப்புன்னு எனக்குத் தெரியும், என்ற பொண்ணு முதுகும் அதனாலதான் வளைஞ்சுதுன்னு சொல்லிக் கையெழுத்துப் போடோணும்."

அவன் அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"நீங்க அந்த மனுவுல..."

"எழுநூத்திப் பன்னெண்டாவது பேரு. மீன் தொட்டியக் காட்டறாளே, அவதான் என்ற பொண்ணு."

அவன் அந்த வெள்ளைத் தாளைத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தான். பிறகு, "கையெழுத்துப் போட்டா கம்பெனி ஒரு நாள் நிக்காது. என்னை உள்ள தள்ளிருவாங்க," என்றான்.

"தள்ளட்டும்."

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

"யோசிங்க. வளர்ற வயசு. பாக்கலாம்," என்றாள் மோகனப்பிரியா. ஏழு வருடமாக நாக்கின் அடியில் வைத்திருந்த சொல்லைத் துப்பியதில் வாய்க்கு இதமாக இருந்தது.

அவர்கள் போனதும் நன்முகை உள்ளே வந்தாள். கதவு சாத்தியிருந்தாலும் அந்த வீட்டில் எதுவும் யார் காதிலும் விழாமல் இருக்காது.

"போட்டு விட்டுரும்மா. கையெழுத்த அப்புறம் வாங்கிக்கலாம்."

"அப்புறம்னா அவன் தருவானா? பொண்ணு நிமிந்துட்டா நம்மள யாருன்னு கேப்பான்." மோகனப்பிரியா மெழுகைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பழைய தகடு போட்ட புள்ளைங்க இன்னும் அறுபதாயிரம் பேர் இருக்குது. கமுக்கமா இப்ப நிக்க வெச்சு அளவெடுக்கறாங்களாம், பழசு போட்டவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவன் வாயத் தொறந்தாத்தான் அவங்களுக்கெல்லாம் தெரியும். அத்தன பேரை விட இவ ஒருத்தி பெருசா?"

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், நன்முகைக்கும் தெரியும்.

ஜூலையில் தரணிதரன் மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் இடுப்புப் பெல்ட் போட்டுக் கூட்டிவந்தான் என்று எலும்பு டாக்டர் ஒருவர் மூலம் சேதி வந்தது. பெல்ட்டால் ஒரு புண்ணியமும் இருக்காது என்று மோகனப்பிரியாவுக்குத் தெரியும். நன்முகைக்கு மூன்று பெல்ட் மாற்றியவள் அவள். அந்தச் சேதியை அவள் இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவன் மட்டும் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. இந்தச் சிகிச்சைய உங்க பேர்லயே ஆஸ்பத்திரியா கட்டித்தர்றேன். பழைய தகடு போட்ட புள்ளைங்கள ஒவ்வொருத்தரா, சத்தமில்லாம, நானே உங்ககிட்ட அனுப்பறேன். கையெழுத்து மட்டும் வேண்டாம்."

யோசித்துப் பார்த்தால் அது மோசமான பேச்சு இல்லை. அறுபதாயிரம் பிள்ளைகளுக்காகத்தான் இதெல்லாம் என்றால், அந்த இடத்தில் அவள் சரி என்றிருக்க வேண்டும்.

"எனக்கு உங்க கையெழுத்துதான் வேணும்," என்றாள்.

"எதுக்கு?"

"அன்னிக்கு அந்தக் கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. எங்க புள்ளைங்க முதுகுல கம்பியோட வரிசையா உக்காந்திருக்குதுங்க, உங்க பாப்பா வாயத் தொறந்து காட்டினதும் சிரிச்சாங்க. அதே கூடத்துல நீங்க நின்னு சொல்லோணும். யாரும் சிரிக்காம நான் பாக்கோணும்."

தரணிதரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "நான் தெரிஞ்சு பண்ணலைங்க. அளவு தப்புன்னு தெரிஞ்சப்போ நாப்பதாயிரம் வாய்க்குள்ள போயிருச்சு. சாரலுக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் போட்டுட்டுக் கழட்டிரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் விளம்பரக்காரங்க வந்தாங்க, கழட்ட முடியல." கண்ணைத் துடைத்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஆனா நீங்க இப்பப் பண்றது தெரிஞ்சே பண்றது. டிகிரிய எண்ணிட்டு உக்காந்திருக்கறீங்க."

சுருக்கென்றது அவளுக்கு. அவனைப் போன்றவனுக்கு இப்படிப் பேச வாய் எப்படி வந்தது என்கிற ஆத்திரம்தான் முதலில் வந்தது. அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அறுபதாயிரத்த நீங்க எண்ணாம உக்காந்திருந்தீங்க. நான் ஒண்ணே ஒண்ண எண்ணறேன். போயிட்டு வாங்க."

செப்டம்பர் மூன்றாம் வாரம் சாரல் தன் அம்மாவோடு வந்தாள். அம்மாக்காரி உள்ளே வரவில்லை. காரில் உட்கார்ந்தபடி, அளவாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி அனுப்பியிருந்தாள். பெல்ட் உராய்ந்து சிறுமியின் விலாவில் தோல் உரிந்து கிடந்தது. ஜூனில் வந்ததைவிட நன்றாக உயர்ந்திருந்தாள்.

"முப்பத்தி எட்டு," என்றாள் நன்முகை.

அச்சு எடுப்பதற்கு மோகனப்பிரியாவிடம் ஒரு முறை இருந்தது. யாருக்காகவும் அதை மாற்ற மாட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள். பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டி, நடைவழியில் இருபது தடவை போகவரச் சொல்வாள். பிள்ளை தன்னை மறந்து நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் பேச்சுக் கொடுப்பாள். அந்த நேரம் பார்த்து, நின்ற நிலையில், இளம்சூட்டு மெழுகை வாயில் வைப்பாள். அப்போது விழுகிற கடிதான் உடம்பின் உண்மையான கடி. சாரல் தன் வகுப்பில் ஒரு பையன் சாக்பீஸைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பதினாறாவது நடையில் கதை முடிந்து அவளே சிரித்தபோது மோகனப்பிரியா மெழுகை வைத்தாள்.

இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமான அச்சு அவள் கையில் விழுந்ததில்லை. ஒவ்வொரு பல்லும் தன் பள்ளத்தைப் பதித்திருந்தது. நடுக்கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அளக்க முடிந்தது. ஒன்றரை மணி நேர வேலை. சாரல் மீனுக்குத் தீனி போட்டு முடிப்பதற்குள் புதுத் தகடு தயாராகிவிடும்.

மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நன்முகை மெழுகு அச்சில் ஊற்றும் சாந்துக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கத் தயாராக நின்றாள். இன்னும் இரண்டு டிகிரி இருக்கிறது, மாதத்துக்கு ஒன்றரைதான் ஏறுகிறது, தரணிதரன் ஆடிப்போயிருக்கிறான், இன்னும் பத்துப் பதினைந்து நாளில் விழுந்துவிடுவான் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. ஐந்து வருடம் காத்தவளுக்குப் பதினைந்து நாள் என்ன பெரிய நாள்.

"கலக்கட்டுமாம்மா?"

"வேண்டாம். ஃப்ரிட்ஜுல வை. கெடாது."

நன்முகை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மெழுகை வாங்கி, தேதி எழுதி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அன்று முழுவதும் அவள் அம்மாவிடம் பேசவில்லை. மறுநாளும் தேவைக்குத்தான் பேசினாள்.

தரணிதரன் பதினைந்து நாளில் விழவில்லை. வக்கீல்கள் அவனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். முப்பத்தி ஏழாவது நாள், அக்டோபர் கடைசி வாரத்தில், ஒரு காலை பதினொரு மணிக்கு அவன் விசாரணைக் குழுவின் கூடத்தில் எழுந்து நின்றான். மோகனப்பிரியா அதே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுதி வைத்திருந்ததை அவன் படித்தான். பெஞ்சுகளைச் சொன்னான், நானூறு பிள்ளைக் கணக்கைச் சொன்னான், தெரிந்த தேதியைச் சொன்னான். தன் மகளை அங்கே தூக்கி வந்ததைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடியும் ஆரம்பித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மோகனப்பிரியாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். ஐந்து வருடமாக எத்தனை விதமாகக் கற்பனை செய்து பார்த்தாளோ, அத்தனையையும்விட நன்றாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள்.

பழைய தகடு போட்ட பிள்ளைகளையெல்லாம் ஒரு மாதத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்று மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. மூன்று மணிக்குத் தரணிதரன் மகளோடு வந்தான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள், ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவன் முகத்தில் பயம் இல்லை. பரீட்சை எழுதி முடித்தவன் மாதிரி இருந்தான்.

"சொன்னதப் பண்ணிட்டேனுங்க," என்றான்.

"பாத்தேன்," என்றாள் மோகனப்பிரியா. ஃப்ரிட்ஜிலிருந்து மெழுகை எடுத்து அவளே சாந்து ஊற்றினாள். கை அத்தனை லாகவமாக ஓடியது. ஊற்றிக்கொண்டே, "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துரு கண்ணு," என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

நன்முகை படத்தைத் திரையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். மோகனப்பிரியா போய் அளந்தாள். அளவுகோலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

நாற்பத்தி நான்கு.

"போன மாசம் பெரிய மனுஷி ஆயிட்டாளாம்," என்றாள் நன்முகை மெதுவாக. "ஒரே மாசத்துல ஒரு இஞ்சு வளந்திருக்கா."

இருபது வருடம் பிள்ளைகளின் தாடையைப் பார்த்தவளுக்கு இது தோன்றாமல் போனது எப்படி? பெண் பிள்ளைகள் அந்த வயதில் ஒரே தாவாகத் தாவுவார்கள் என்பது தெரியாதா? தெரியும். மாதத்துக்கு ஒன்றரை என்று கணக்குப் போட்டபோது அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, அப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரணிதரன் திரைக்கு முன்னால் வந்து நின்றான். எண்ணைப் படித்தான். படித்துவிட்டு, அவள் வாயிலிருந்து வேறு ஏதாவது வரும் என்கிற நம்பிக்கையோடு அவளைப் பார்த்தான்.

"தகடு போட்டுப் பாக்கலாம்ல?"

"கேக்காதுங்க," என்றாள்.

"செப்டம்பர்ல அளவு எடுத்தீங்களே. அன்னிக்கே போட்டிருந்தா?"

பொய் சொல்லலாம். சொன்னால் அவன் நம்புவான், நம்பத்தான் அவனும் ஆசைப்பட்டான்.

"நிமிந்திருக்கும்," என்றாள்.

அவன் கத்தவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவன் அப்படி உட்கார வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் வேண்டியிருக்கிறாள். இப்போது பார்க்க முடியாமல் நடைவழிக்கு வந்தாள்.

நடைவழிக் கோடியில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் சாரலும் நன்முகையும் நின்றிருந்தார்கள். நன்முகை ஒரு பென்சிலைக் கீழே போட்டு, முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி எடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். சாரல் இரண்டு தடவை செய்து பார்த்தாள். மூன்றாம் தடவை பென்சிலை எடுக்காமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் கம்பிதானாக்கா?"

"ஆமா அம்மணி."

"நான் ஒழுங்கா நிமிந்து உக்காரலைன்னுதான் இப்படி ஆச்சா? அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

"உன்னால இல்ல."

"அப்ப யாரால?"

நன்முகை உடம்பு மொத்தத்தையும் திருப்பி, நடைவழியில் வந்து நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கேட்ட குழந்தைக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"முப்பத்தி எட்டு வரைக்கும் உங்கப்பா," என்றாள். "அதுக்கு மேல எங்கம்மா."